ரேடியோ இருந்த அலமாரி

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். வயது 56. மகனுக்கு 20 வயது, எந்நேரமும் காதில் இயர்போன். அவனோடு பேச ஒரு வழி கிடைக்கும் என்று இவர் தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் அரை மணி நேரம் புதுப் பாட்டுகளாகக் கேட்கிறார், பாடியவர், இசையமைத்தவர் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார். ஒரு நாள் சாப்பிடும்போது அதில் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறார். பையன் "அப்பா, விடுங்கப்பா" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். "எனக்கு வயதாகிவிட்டதா? ஒரு பாட்டும் மனதில் நிற்கவில்லை, பாதி வார்த்தை புரியவும் இல்லை. இந்தக் காலத்துப் பாட்டை எப்படிப் பிடித்துக்கொள்வது?" என்பது கேள்வி.

ஆமாம், வயதாகிவிட்டது. 56 வயதில் ஆகாமல் எப்போது ஆகும்? இதே கடிதம் ஊர்ப் பெயர் மட்டும் மாறி எனக்குப் பல தடவை வந்திருக்கிறது, அதனால் ஆறுதல் சொல்லி நேரத்தைக் கடத்தப் போவதில்லை. உங்கள் இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. "நல்ல ஸ்பீக்கராக ஒன்று வாங்கி, ஹாலில் அம்மாவின் ரேடியோ இருந்த அலமாரியைக் காலி செய்து வைத்தேன். அம்மா இப்போது அதிகம் கேட்பதில்லை, காதும் சரியில்லை." அவ்வளவுதான். அடுத்த வரியிலேயே ஸ்பீக்கர் விலைக்குப் போய்விட்டீர்கள்.

அந்த ரேடியோ எங்கே? பரணில் இருக்கிறதா, பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டதா? அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அதிகம் கேட்பதில்லை என்கிறீர்களே, கேட்பதை எப்போது நிறுத்தினார்கள், அலமாரியைக் காலி செய்வதற்கு முன்பா, பின்பா? மகன் எழுந்து போனதற்கு ஒரு பக்கம் முழுக்க வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்களைப் பெற்றவரின் பாட்டை ஹாலை விட்டு எடுத்ததற்கு ஒன்றரை வரி.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. எனக்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா ரேடியோவுக்கு பேட்டரி வாங்கி வரச் சொல்லி என்னிடம் மூன்று முறை கேட்டார். நாளைக்கு, நாளைக்கு என்றேன். நான்காவது முறை அவர் கேட்கவில்லை. அப்பாவுக்கு ரேடியோ அலுத்துப்போய்விட்டது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன். வயதானவர்கள் கேட்பதை நிறுத்தினால் ஆசை விட்டுப்போனதாக நாம் எடுத்துக்கொள்கிறோம், அது நமக்கு வசதியாக இருக்கிறது.

அம்மாவுக்கு 78, நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் விஸ்வநாதன்-ராமமூர்த்தி இருவரும் 1965-ல் பிரிவதற்கு முந்தைய சில வருஷங்களில் சேர்ந்து போட்ட பாட்டுகளெல்லாம் அவருக்குத் தாவணிக் காலத்துப் பாட்டுகள். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை வானொலி தெளிவாக வந்துகொண்டிருந்த கரை அது, சுசீலாவும் சௌந்தரராஜனும் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தார்கள். உங்களுக்கு அந்தப் பருவம் இளையராஜா காலத்தில் வந்தது, மகனுக்கு இப்போது வந்திருக்கிறது. பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரைக்குள் கேட்டது வேர் பிடிக்கிற மாதிரி அப்புறம் கேட்பது பிடிப்பதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. அன்று நீங்கள் பாட்டைத் தேடிப் போகவே இல்லை. டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டு மைக் செட்டில், வெள்ளிக்கிழமை ராத்திரி ஒலியும் ஒளியும் நிகழ்ச்சியில் என்று ஒரே பாட்டு ஒரு மாதத்தில் ஐம்பது தடவை காதில் விழுந்தது, பிடிக்காத பாட்டு உட்பட. இன்று அவரவர் பாட்டு அவரவர் காதுக்குள். ராத்திரி பத்து மணிக்கு நோட்டோடு உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஒரே ஒரு தடவை கேட்டால் எப்படி நிற்கும்?

வார்த்தை புரியாததற்குப் பாட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். வயதாக ஆகக் காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான். ச், த், க் போன்ற மெய்யெழுத்துகள் மங்கும், தாளச் சத்தம் மட்டும் அப்படியே கேட்கும். சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இது. உங்களுக்கே தொடங்கியிருக்கலாம், அம்மாவுக்கு நிச்சயம் கூடுதலாக இருக்கும். "காதும் சரியில்லை" என்று எழுதினீர்களே, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போய்க் கேட்கும் திறனைச் சோதித்தீர்களா? அரை மணி நேரத்து வேலை. உங்கள் ராத்திரிப் பாட்டு வகுப்புக்கும் அதே அரை மணிதான் ஆகிறது. இந்த வாரமே இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் இன்னொரு இடமும் இருக்கிறது. 1986-ல் பிளஸ் டூ முடித்தபோது ரெக்கார்டிங் கடைக்குப் போய், அரைத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கினீர்கள், அதற்குக் காசு அம்மா மளிகைச் செலவில் மிச்சம் பிடித்துக் கொடுத்தது. அந்தப் பாட்டுகள் அம்மாவுக்குப் பிடித்ததா? "என்னடா இது ஒரே இரைச்சல், குறைச்சு வை" என்று திட்டினார்கள் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்கள் பாட்டைப் படித்து ஒப்பிக்கவில்லை. தன் பாட்டை விடவும் இல்லை, காலையில் அவர் ரேடியோ பாடியது, சாயங்காலம் உங்கள் கேசட் பாடியது. அவரோடு உங்களுக்குப் பேச்சு அற்றுப்போனதா? உங்கள் மகனுக்கு அப்படி ஓர் அப்பா கிடைக்கவில்லை. அவனுடைய பாட்டைக் குறிப்பெடுத்து அவனிடமே சொல்லிக் காட்டும் அப்பா கிடைத்திருக்கிறார். அவன் எழுந்து போனது மரியாதைக் குறைவுதான், அதற்கு நீங்கள் அங்கேயே கண்டித்திருக்க வேண்டும். ஆனால் கூச்சம் தாங்காமல் போயிருக்கிறான் என்பதும் எனக்குப் புரிகிறது.

புதுப் பாட்டே கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. கேளுங்கள், உங்கள் காதோடு போய்க் கேளுங்கள். இப்போது பிள்ளைகள் கொண்டாடும் சாய் அபயங்கர், நீங்கள் கேட்டிருக்கக்கூடிய பாடகர்கள் டிப்பு, ஹரிணி இருவரின் மகன். 2024-ல் அவர் பாட்டு வந்து பரவியபோது அது சினிமாப் பாட்டு இல்லை, தனிப் பாட்டு. சினிமாவில்தான் பாட்டு என்று வளர்ந்த நமக்கு இது புதுசு. இதைப் பற்றி மகனிடம் ஒரு கேள்வி கேட்கலாம். பதில் தெரியாமல் கேளுங்கள், தெரிந்துகொண்டு போய்ச் சோதிக்காதீர்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அவன் சண்டைக்கு வரட்டும்.

அதற்கு முன் அலமாரி. ஸ்பீக்கரை உங்கள் அறைக்கு மாற்றுங்கள். வீட்டில் மூத்தவரின் பாட்டு ஹாலில் கேட்க வேண்டும், பின்கட்டு அறையில் ஒதுக்கி வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. பாட்டு ஏற்றிய புதுப் பெட்டி ஒன்றை வாங்கிக் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், அடுத்த பாட்டு என்ன வரும் என்று காத்திருப்பதில்தான் ரேடியோ கேட்டவர்களுக்குச் சந்தோஷம். விவித பாரதி இன்னும் வருகிறது, காலையில் வைத்துக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து காபி குடியுங்கள்.

பரணில்தான் இருக்கிறது என்றால் இறக்கியதும் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பழைய செல் கசிந்து பித்தளையில் பச்சை பூத்திருக்கும், உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் போகும். அந்த வேலைக்கு மகனைக் கூப்பிடுங்கள், இளம் கண்ணும் சின்ன விரலும் வேண்டும். எந்த ஸ்டேஷன் என்று மட்டும் அவன் பாட்டியிடம் கேட்கட்டும்.