உலர்ந்த மணலில் புதையும் தார் ஜீப்: முதலில் காற்றைக் குறையுங்கள்

வணக்கம் நண்பரே. வண்டி ஓட்ட அனுமதியுள்ள கேரளத்தின் முழப்பிலங்காடு கடற்கரையில் அலையோர ஈர மணலில் சிரமமின்றி ஓடிய உங்கள் மேனுவல் கியர் மஹிந்திரா தார், மேட்டிலுள்ள உலர்ந்த மணலில் ஏறியதும் அச்சு வரை புதைந்ததாகவும், கிளட்ச் கருகும் வாடை வந்ததாகவும் எழுதி, அகலமான டயர் மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அகலமான டயர் பார்வைக்கு அழகுதான்; ஆனால் அதற்குச் செலவழிக்கும் முன், இருக்கும் டயரில் காற்றைக் குறைத்துப் பாருங்கள். 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால், டயர் மணலைத் தொடும் பரப்பு நீளவாக்கில் பெருகி, வண்டி மணலைத் தோண்டாமல் அதன் மேலேயே ஓடும். 15-க்குக் கீழே இறக்கிவிட்டுச் சட்டென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும்.

கிளட்ச் வாடைக்குப் பெரும்பாலும் காரணம், 4எச்-இல் (நான்கு சக்கரமும் வேகமாக ஓடும் நிலை) அரைக் கிளட்சில் இழுத்ததே. வண்டியை நிறுத்தி 4எல்-க்கு (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓடும் நிலை) மாற்றி, இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்புங்கள். சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கினால், அந்த நொடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி வாருங்கள். சாலை ஏறும்போது 2எச்-க்கு (இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும் நிலை) மாற்றிக் காற்றை நிரப்பிவிடுங்கள்.

அன்று மாலையே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவும்போது, சேசிஸ் சட்டத்தின் துளைகளுக்குள்ளும் குழாயை விட்டு, மணல் கலங்காத நீர் வடியும்வரை பீய்ச்சுங்கள். துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் தொடங்குகிறது.