சித்திரம் படிச்சுச் சோறு தின்ன ஏலுமா?

கேள்வி: டீச்சர், உயர்தரத்தில் சித்திரமும் ஒரு பாடமாக எடுத்து எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கிறேன். கலிபோர்னியாவில் இருக்கும் மாமா, அங்கே கொம்யூனிட்டி கொலிஜில் இரண்டு வருஷம் ஆர்ட் படிக்கலாம் வா என்கிறார். பாய் இழைத்து என்னைப் படிப்பித்த அம்மாவோ, "சித்திரம் படிச்சுச் சோறு தின்ன ஏலுமா?" என்று கேட்கிறா. நான் என்ன செய்ய?
- வாசகி, ஆரையம்பதி

பதில்: மகள், அம்மாவோடு கோபிக்காதீங்க. முப்பது வருஷம் சித்திரம் படிப்பித்த என்னிடம் எத்தனையோ தாய்மார் இதையே கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் மாமாவின் வழி. அந்தக் கொலிஜில் கிடைப்பது இரண்டு வருஷத்து அசோசியேட் பட்டம், ஏறக்குறைய 60 யூனிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கிடும் அளவு). கோடு, நிறம், உருவம் வரைதல், கலை வரலாறு என்று அடித்தளம் நன்றாகப் போடுவார்கள். ஆனால் பாடசாலையில் படிப்பிக்க அது மட்டும் காணாது. பல்கலைக்கழகத்துக்கு மாறி இன்னும் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். ஆகவே எந்தப் பாடங்களின் யூனிட்டை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காசு விஷயமும் உண்டு. அங்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட் 46 டொலர்; மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. படிப்புக் காலத்தில் கொலிஜ் வளவுக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். கடையில் நின்று உழைத்துக் கட்டலாம் என்ற எண்ணத்தோடு போகாதீங்க. மாமாவால் எல்லாச் செலவையும் தாங்க முடியுமா என்று அவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள்.

இனி நம்மட ஊர். மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. கட்புலக் கலையில், அதாவது சித்திரம் போன்ற கண்ணால் பார்க்கும் கலையில், நாலு வருஷப் பட்டம்; படிப்புக்குக் கட்டணம் இல்லை. பெறுபேறு மட்டும் போதாது, செயன்முறைப் பரீட்சையும் வைப்பார்கள். ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம்.

அந்தப் பரீட்சை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, கை நல்ல கை, செயன்முறையில் தவறிப்போனாள். முன்னால் ஒரு பானையையும் சீலையையும் வைத்து வரையச் சொன்னபோது பென்சில் ஓடவில்லை என்று அழுதாள். பிழை என்னுடையது. கலண்டர் படத்தைப் பார்த்து வரைந்ததையெல்லாம் மெச்சி மெச்சியே வளர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு என் வகுப்பில் படத்தைப் பார்த்து வரைய விட்டதில்லை. வாவிக் கரைக்குக் கூட்டிப்போய்த் தோணியையும் வலையையும் பார்க்க வைத்தேன். அந்தப் பிள்ளை அடுத்த முறை எழுதிச் சேர்ந்தாள். இப்போது மருதமுனைக் கைத்தறிக்குச் சேலைக் கரை வரைந்து கொடுக்கிறாள்.

மற்றவர்களையும் சொல்கிறேன். ஒருவன் பட்டணத்தில் அச்சகத்தில் பெனர், கல்யாணக் கார்ட் வடிவமைக்கிறான்; கணினியைத் தொழில்நுட்பக் கல்லூரியில் பழகினான். ஒருத்தி பாடசாலையில் சித்திர ஆசிரியை. இன்னொருத்தி வீட்டிலிருந்தே வெளியூர்ச் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுகிறாள்; ஒரு மாதம் நல்ல காசு, அடுத்த மாதம் ஒன்றும் இல்லை. அவள் தையலையும் விடவில்லை. இதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

என் எண்ணம் இதுதான்: கல்லடிக்கு விண்ணப்பியுங்கள், மாமாவின் வழியையும் மூடாதீங்க. எங்கே போனாலும் நேரில் பார்த்து வரைந்த இருபது படமாவது கையில் இருக்க வேண்டும். பெறுபேறு வரும்வரை அதைச் செய்யுங்கள். அம்மா பன் கிழித்துப் பாய் இழைக்கும்போது அந்த விரல்கள் எப்படி மடிகின்றன என்று வரைந்திருக்கிறீங்களா? இல்லையென்றால் நாளைக் காலையில் அதிலிருந்து தொடங்குங்கள். வரைந்ததை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.