பத்து வயதுப் பொமரேனியனைத் தத்தெடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எட்டு, ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்த நாய், வீட்டுக்காரர் இறந்துவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடுகிறது. மீட்புக் குழுவினர் அதைத் தூக்கிவந்து, மனமுள்ள யாராவது ஒருவர் வீட்டில் தற்காலிகமாக வைக்கிறார்கள். அப்படி ஃபாஸ்டர் வீடுகளில் காத்திருக்கும் வயதான சின்ன நாய்களைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், மன்னிக்கவும்.

டாக்டர், ஃபாஸ்டர் வீட்டில் ஒரு பொமரேனியனைப் பார்த்துவிட்டு வந்தோம். 9 அல்லது 10 வயது இருக்கும் என்கிறார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. "இரண்டு வருஷத்தில் போய்விடும், எதற்கு இந்த மனக்கஷ்டம்?" என்கிறார் கணவர். என்ன செய்யலாம்? (மடிப்பாக்கம்)

சின்ன நாய்களின் கணக்கு வேறு, அம்மா. கிரேட் டேன் மாதிரி பெரிய நாய்கள் எட்டு வயதிலேயே தளர்ந்துவிடும். பொமரேனியன், டாஷ்ஹண்ட் எல்லாம் 12 முதல் 15 வருஷம் வரை சாதாரணமாக இருக்கும். நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லப்படுபவற்றில் பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் மூன்று கிலோ அளவில்தான் இருக்கும். எதுவானாலும் இன்னும் நாலைந்து வருஷம் உங்களோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தப் பத்து வயதும் உத்தேசம்தான். வளர்ந்த நாய்க்குப் பல்லைப் பார்த்துத் துல்லியமாக வயது சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

கண்ணில் லேசாக நீலம் பூத்த மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகுவதால் வரும் மங்கல் அது, பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. புரை என்றால் பால் ஊற்றினாற்போல வெள்ளையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வயதை விட முக்கியமாக நீங்கள் கேட்க வேண்டியவை ஃபாஸ்டர் வீட்டில்தான் இருக்கின்றன. காப்பகக் கூண்டில் இருக்கும் நாய் பயத்தை மட்டும்தான் காட்டும், குணத்தைக் காட்டாது. ஒரு வீட்டில் இரண்டு மாதம் புழங்கிய நாயைப் பற்றி அந்த வீட்டு அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ராத்திரி எங்கே படுக்கிறது, தனியாக விட்டுப் போனால் அழுகிறதா, சாப்பிடும்போது தட்டருகே கை போனால் உறுமுகிறதா, மிக்ஸி சத்தத்துக்கு ஓடுகிறதா, கையில் குடையோ துடைப்பமோ எடுத்தால் பதுங்குகிறதா, மண்ணில் சிறுநீர் கழிக்கப் பழகியதா, டைல்ஸ் தரையிலா என்றெல்லாம் கேளுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதையும் கட்டாயம் கேளுங்கள். தண்ணீர்த் தாகம் திடீரென்று கூடியிருந்தால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். ஒருமுறை போனால் போதாது. இன்னொரு நாள் சாயங்காலம், அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து கூச்சல் போடுகிற நேரத்தில் போய்ப் பாருங்கள்.

உங்கள் கணவர் சொல்லும் மனக்கஷ்டம் வரத்தான் வரும், அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாய் அவர் காலடியில் வந்து படுக்கட்டும். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. நாங்கள் ஏதாவது தப்பு செய்கிறோமா? (கோவை)

இல்லை. மீட்புப் பணியில் இருப்பவர்கள் "மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்" என்று ஒரு கணக்கு சொல்வார்கள். முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில்தான் இது நம் வீடு என்ற எண்ணம் வரும். வயதான நாய்க்கு இது இன்னும் இழுக்கலாம். ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்து, ஃபாஸ்டர் வீட்டில் ஒட்டிக்கொண்டு, இப்போது அதையும் விட்டு வந்திருக்கிறது.

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு இழுக்காதீர்கள். தண்ணீரும் சாப்பாடும் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். அதைப் பார்க்கவே வேண்டாம். முதல் வாரம் குளிப்பாட்டவும் வேண்டாம். ஃபாஸ்டர் வீட்டில் அது படுத்த பழைய போர்வையைத் துவைக்காமல் வாங்கி வந்து விரித்துப் போடுங்கள். தெரிந்த வாசனை ஒன்றாவது அதற்கு இருக்கட்டும். அதே சாப்பாடு, அதே நேரம். சின்ன நாய் இரண்டு நாள் எதுவுமே சாப்பிடாவிட்டாலும், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தொடாவிட்டாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிதாக வந்த நாய் தொலைந்துபோவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். கூரியர்காரருக்குக் கதவைத் திறக்கிற அரை நிமிஷம் போதும். கேட்டுக்குக் கீழே உள்ள இடைவெளியை இன்றைக்கே பலகை வைத்து அடைத்துவிடுங்கள். உங்கள் செல் நம்பர் பொறித்த வில்லையை இப்போதே கட்டிவிடுங்கள்.

"டாமி" என்று கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு வேறு பெயர் வைக்க ஆசை. இந்த வயதில் மாற்றலாமா? (திருச்சி)

தாராளமாக. ஒரு மாதம் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்த்துக் கூப்பிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். பழகிவிடும்.

எடுத்தவுடன் என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும்? (தாம்பரம்)

ஃபாஸ்டர் வீட்டிலிருந்து தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் ஊசி வருஷா வருஷம் கட்டாயம். அட்டை இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு புதிதாக ஆரம்பிப்போம். பிறகு முழு ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, சிறுநீர்.

ரத்தத்தில் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். தெருவில் சில நாள் இருந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் உள்ளே பதுங்கியிருக்கலாம். எர்லிக்கியா, பபீசியா இரண்டும் நம் ஊரில் சர்வசாதாரணம். வெளியே நாய் நன்றாக இருப்பதுபோலவே தெரியும், ஒரு நாள் மூக்கில் ரத்தம் வரும்போதுதான் விழிப்போம். ஈறு வெளுத்திருந்தால் தாமதிக்காதீர்கள். செலவு கட்டுப்படியாகாதவர்கள் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

எங்கள் வீட்டில் சைவம். தயிர்சாதமும் பிஸ்கெட்டும் கொடுத்தால் போதுமா? (ஸ்ரீரங்கம்)

போதாது. நீங்கள் வீட்டில் அசைவம் சமைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பூனை மாமிசம் இல்லாமல் வாழாது. நாய் சத்துக்கணக்கு சரியாக இருந்தால் சைவத்திலும் நன்றாக இருக்கும். ஆனால் தயிர்சாதத்தில் மாவுச்சத்துதான் அதிகம், புரதம் குறைவு. வயதான நாய்க்குப் பின்தொடைச் சதை கரைந்துகொண்டே போகும். தயிர்சாதத்திலேயே வளர்ந்த நாயைத் தடவிப் பார்த்தால் முதுகெலும்பு விரலில் தட்டும், வயிறு மட்டும் உருண்டையாக இருக்கும். முழுமையான சைவ நாய் உணவு கடைகளில் கிடைக்கிறது. முட்டைக்கு வீட்டில் சம்மதம் என்றால் அவித்துக் கொடுங்கள். வயதானால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று சிலர் சொல்வது சரியில்லை. சிறுநீரகம் பழுதுபட்டிருப்பது பரிசோதனையில் தெரிந்தால்தான் அந்தக் கட்டுப்பாடு. எதை மாற்றினாலும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம், இதைச் சமையலறையில் எழுதி ஒட்டுங்கள்: பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தை ஒரேயடியாகச் செயலிழக்க வைக்கக்கூடும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. ஆகவே புளியோதரை, சாம்பார் சாதம், ரச சாதம் எதுவும் வேண்டாம். வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். "ஒரு வாய்தானே" என்று தாத்தா பாட்டி ஊட்டிவிடுவதைத் தடுப்பது கஷ்டம், தெரியும். ஆனால் நாலு கிலோ நாய்க்கு ஒரு வாய் என்பது சின்ன அளவு இல்லை.

ராத்திரியில் வாத்து கத்துகிற மாதிரி இருமுகிறது. ஜலதோஷமா? (வேளச்சேரி)

சின்ன ரக நாய்களில் இரண்டு காரணங்களை முதலில் பார்ப்பேன். ஒன்று, மூச்சுக்குழாயின் வளையங்கள் தளர்ந்து தட்டையாகிப்போவது. வாத்து மாதிரி சத்தம் பெரும்பாலும் இதுதான். கழுத்துப்பட்டையை இன்றே கழற்றிவிட்டு, மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். அதோடு எடை குறைந்தாலே பாதி இருமல் அடங்கும்.

இன்னொன்று இதய வால்வு தேய்ந்து கசிவது. வயதான சின்ன நாய்களுக்கு அதிகம் வரும் இதயநோய் இதுதான். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் முணுமுணுப்பு கேட்கும். வீட்டிலேயே நீங்கள் ஒன்று செய்யலாம். நாய் அயர்ந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சாக வைத்து முப்பது விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். கனவு கண்டு கால் உதறிக்கொண்டிருந்தால் விட்டுவிட்டு, அடங்கியதும் எண்ணுங்கள். நிமிஷத்துக்கு 30ஐத் தாண்டுவது தொடர்ந்தால் நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கலாம், அன்றைக்கே வாருங்கள். காலண்டரில் தினமும் குறித்து வைப்பவர்கள் கொண்டுவரும் நாய்களைச் சரியான நேரத்தில் பிடித்துவிட முடிகிறது. மாத்திரை கொடுத்தால் பல நாய்கள் வருஷக்கணக்கில் சௌகரியமாக இருக்கின்றன.

வாய் நாற்றம் தாங்கவில்லை. பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து வேண்டும் என்கிறார்கள். பத்து வயதில் ஆபத்து இல்லையா? (சேலம்)

வயது ஒரு நோய் இல்லை. ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் சரியாக இருந்தால் பத்து வயதிலும் மயக்க மருந்து கொடுக்கலாம். சின்ன தாடையில் 42 பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, அதனால்தான் இந்த ரகங்களுக்குப் பல் சீக்கிரம் கெடுகிறது. சொத்தைப் பல்லோடு இருக்கிற நாய் வலியைச் சொல்லாது. ஒரு பக்கமாகவே மெல்லும், அவ்வளவுதான். பல் பிடுங்கிய மறுவாரம் குட்டி மாதிரி விளையாடுகிறது என்று பலர் வந்து சொல்லியிருக்கிறார்கள். ஒன்று மட்டும்: மனிதர்களுக்கான வலி மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஐப்யூபுரூஃபன் ஒன்றே சின்ன நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கிவிடும்.

குட்டி போடுவதற்காகவே வைத்திருந்த ஷிட்ஸு, பெண், 8 வயது. கருத்தடை செய்யவில்லை. இனிமேல் தேவையா? (ஆவடி)

தேவை. கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்களுக்கு, பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். பிடித்தால் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டில் நாட்டம் போகும், சில சமயம் பின்னால் கசியும், சில சமயம் எதுவும் தெரியாது. தாமதித்தால் உயிர் போய்விடும். ஆரோக்கியமாக இருக்கும்போதே அறுவை செய்துகொள்வதே நல்லது. அப்போதே மார்க்காம்புகளில் கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

போன வருஷம் இதே மாதிரி ஒரு ஷிட்ஸு என்னிடம் வந்தது. பின்புறத்துப் புல்தரையில் இறக்கிவிட்டோம். நான்கு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், பிறந்த குட்டியின் பாதம்போல மெத்தென்றிருந்தது. நகம் வளைந்து சதைக்குள் போயிருந்தது. கூண்டுத் தரையைத் தவிர வேறு எதிலும் நடந்ததே இல்லை. உங்கள் நாய்க்கும் மாடிப்படி, புல், மழை எல்லாம் புதிதாக இருக்கும். ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், அவசரமே இல்லை.

எட்டு வயது பக். சித்திரை வெயிலைத் தாங்குமா? (மதுரை)

தாங்காது. 2003இல் பக் நாயை வைத்து ஹட்ச் செல்போன் கம்பெனியின் விளம்பரம் வந்த பிறகு ஊரெல்லாம் பக் வாங்கினார்கள். அந்தச் சப்பை மூக்கால் உடம்புச் சூட்டைச் சரியாக வெளியேற்ற முடியாது என்பதை விற்றவர்கள் சொல்லவில்லை. காலை ஆறரைக்கு முன்பும், ராத்திரி தரை ஆறிய பிறகும்தான் நடை. மூச்சு இரைந்து, நாக்கு நீலம் பாய்ந்தால் உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, அப்புறம் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அடுக்குமாடி சங்கத்தில் நாய் கூடாது என்கிறார்கள். (போரூர்)

வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. நீங்களும் மாநகராட்சி உரிமம் எடுத்து, ரேபிஸ் சான்றிதழ் நகலைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். கழிவை அள்ளப் பை எடுத்துப் போங்கள். சண்டையைவிட இது சீக்கிரம் வேலை செய்யும்.

எனக்கு 71 வயது, தனியாக இருக்கிறேன். நாய் எடுக்க ஆசை. மகன் வேண்டாம் என்கிறான். (கும்பகோணம்)

குட்டி வேண்டாம் ஐயா, இழுத்துத் தள்ளிவிடும். ஒன்பது வயது டாஷ்ஹண்டோ ஸ்பிட்ஸோ உங்கள் வேகத்துக்குச் சரியாக இருக்கும். ஆனால் உங்களுக்கு ஏதாவது ஆனால் அதை யார் எடுத்துக்கொள்வார் என்று முன்கூட்டியே பேசி, அந்த நபரின் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். மீட்புக் குழுவிடமும் கேளுங்கள், திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று பல குழுக்கள் ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகின்றன. என்னிடம் வரும் வயதான நாய்களில் பாதிக்கு மேல், இந்த ஒரு ஏற்பாடு இல்லாததால் தெருவுக்கு வந்தவைதான். மகனிடம் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

நான் ஃபாஸ்டர். ஆறு மாதம் என் மடியில் தூங்கிய நாயை ஞாயிற்றுக்கிழமை கொடுக்கப்போகிறேன். துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. (அண்ணா நகர்)

நீங்கள் கொடுத்தால்தான் அடுத்த நாய்க்கு உங்கள் வீட்டில் இடம் இருக்கும், அது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் வலிக்கிறது, அதில் தப்பில்லை. முடிந்தால் அவர்களையே உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க விட்டு, அப்புறம் அனுப்புங்கள். முதல் மாதம் நேரில் போய்ப் பார்க்க வேண்டாம், அது மறுபடி உங்களைத் தேடத் தொடங்கிவிடும். வீடியோ அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். மாத்திரை வேளை, இடிக்கு எங்கே ஒளியும், எந்தக் காலைத் தொட்டால் சிணுங்கும், காலையில் எத்தனை மணிக்கு எழுப்பும், காதுக்குப் பின்னால் எந்த இடத்தில் சொறிந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் என்பதுவரை. போர்வையோடு சேர்த்துப் பையில் வையுங்கள்.