அந்தம்மா அழுதது மானுக்கா?

வணக்கம் சார். நீங்க சொன்னீங்கன்னுதான் 'தி குயின்' படம் பாத்தேன். டயானா செத்து லண்டனே அழுதுட்டிருக்கு, எலிசபெத் ராணி ஸ்காட்லாந்துல பால்மோரல் கோட்டைல உக்காந்துகிட்டு கொடிக்கு சட்டம் பேசுது. மருமகளுக்கு வராத கண்ணீர் ஒரு மானுக்கு வருது. இதுக்கு வக்காலத்து வாங்கவா ஒரு படம்?
- ஒரு வாசகி

வணக்கம்மா. அந்த ஆத்து சீனை மட்டும் இன்னொரு தடவ போட்டுப் பாருங்க. ராணி ஓட்டிட்டு வர்ற லேண்ட் ரோவர் வண்டி தண்ணில மாட்டிக்குது, ஆள் வர்ற வரைக்கும் தனியா உக்காந்திருக்காங்க, அங்கயே உடைஞ்சு அழறாங்க, மான் அதுக்கப்புறம்தான் வருது. அழும்போது ராணியா நடிச்ச ஹெலன் மிர்ரன் முகத்த டைரக்டர் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் காட்டவே இல்ல, முதுகு மட்டும்தான். ஒரு க்ளோசப் வெச்சிருந்தா நாமளும் சேர்ந்து அழுதிருப்போம், ஆனா அந்த வாரம் பூரா கூட்டமும் பேப்பர்காரங்களும் கேட்டது அதைத்தானே, நீ அழறத எங்க கண்ணுல காட்டுன்னு. கேமரா அதைக் கேக்க மாட்டேங்குது. எனக்கு மொத்தப் படமும் அந்த ஒரு ஷாட்டுதான்.

மான் கதை எழுதின பீட்டர் மார்கனோட கற்பனை, கொடி விவகாரம் நிஜம். அப்பல்லாம் ராணி உள்ள இருந்தாதான் லண்டன்ல பக்கிங்ஹாம் அரண்மனைல அவங்க கொடி ஏறும், இல்லாதப்போ கம்பம் காலி, அந்தக் கொடி யார் செத்தாலும் அரைக்கம்பத்துக்கு இறங்காது. டயானாவுக்காக அரைக்கம்பத்துல ஒரு கொடி கூட இல்லையேன்னுதான் ஜனங்களுக்குக் கோபம். கடைசில எதிர்ப்பு தாங்காம 1997 செப்டம்பர் 6, இறுதி ஊர்வலத்தன்னிக்கு யூனியன் ஜாக்குங்கற பிரிட்டன் தேசியக் கொடிய அரைக்கம்பத்துல பறக்க விட்டாங்க. அம்மாவ பறிகொடுத்த பேரனுங்களுக்கு 15 வயசு, 12 வயசு, அவங்கள கூட்டத்துலருந்து தள்ளி வெச்சிருந்த பாட்டிய என்னால கல்நெஞ்சுக்காரின்னு சொல்ல முடியலம்மா.

அதுக்காக உங்க கோபம் முழுக்க தப்புன்னும் சொல்லல. 1966 அக்டோபர்ல வேல்ஸ்ல அபர்ஃபான் ஊர்ல நிலக்கரிக் கழிவு மலை சரிஞ்சு ஸ்கூல் மேல விழுந்து 144 பேர் செத்தாங்க, அதுல 116 பேர் குழந்தைங்க, ராணி அங்க போனது எட்டு நாள் கழிச்சு. அங்க உடனே போயிருக்கணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, பிள்ளைய புதைச்சவங்களுக்கு ஆறுதல் சொல்றது ராணியோட கடமை. டயானா விஷயத்துல கேட்டது ஆறுதலே இல்லையே, காட்சி.

வக்காலத்துன்னும் எனக்கு தோணல. படத்துல ராணி லண்டன் திரும்பி அரண்மனை கேட்டுக்கு வெளிய குனிஞ்சு பூவோட இருக்கற அட்டைய எல்லாம் படிக்கறாங்கல்ல, அதுல அவங்களத் திட்டி எழுதினதும் இருக்கு, அதைப் படிக்கறப்போ மட்டும் அவங்க முகத்த படம் நல்லா காட்டுது.