நியூசிலாந்துல ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மெலடோனின்ங்கற தூக்க மருந்து அரசு செலவுல கிடைக்குமா?

கிடைக்கும், ஆனா எல்லாருக்கும் இல்ல. அங்க எந்த மருந்துக்கு அரசுப் பணம்னு முடிவு பண்றது ஃபார்மாக். ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் நிக்காம, அதிகமா துறுதுறுனு இருக்குற குறைபாடு) மாதிரி நரம்பு வளர்ச்சிக் குறைபாட்டால தூக்கமே வராம தவிக்கிற, 18 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குத்தான், அதுவும் ஸ்பெஷல் அத்தாரிட்டினு தனி அனுமதி வாங்கணும், குழந்தைநல நிபுணர் விண்ணப்பிக்கலாம், முதல்ல தூங்குற நேரம், பழக்கவழக்கத்த மாத்திப் பாத்தீங்களானு கேப்பாங்க, டோஸ் நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது.

எனக்கு மனசு வலிக்கிறது அந்த அனுமதியப் புதுப்பிக்கிறப்ப தான். இடையில மருந்த நிறுத்திப் பாத்து, தூக்கம் திரும்பக் கெட்டுதுனு காட்டணும். தேவையில்லாம மருந்து தொடரக்கூடாதுங்கறது நியாயம்தான். ஆனா ராத்திரி மூணு மணிக்கு எழுந்து லைட்ட போட்டு போட்டு அணைக்கிற பிள்ளையோட அந்த நாட்கள ஓட்டறது அம்மா அப்பா தானே. அதனால நிறுத்துற வாரத்த ஸ்கூல் லீவுல வைக்க முடியுமானு டாக்டர்கிட்ட கேளுங்க, எத்தனை மணிக்கு தூங்கினான், எழுந்தான்னு தினமும் எழுதி வைங்க.