கேமரா கேள்வி பதில்: ஊர் சுத்த ஒரே லென்ஸ்

கேள்வி: அண்ணா வணக்கம். என்கிட்ட கேனான் ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார் வகை) கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 55-250 லென்ஸ் இருக்கு. டிசம்பர்ல குடும்பத்தோட ஹம்பி, பாதாமி போறோம், ரயிலும் பஸ்ஸுமா. ரெண்டையும் தூக்கிக்கினு போய் மாத்தி மாத்தி மாட்டறதுக்குள்ள வீட்ல பாதி தூரம் நடந்து போயிடறாங்க. ரெண்டையும் வித்துட்டு 18-400 ஒண்ணு வாங்கிடலாமா, இல்ல 18-135 போதுமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: 18-135 போதும் தம்பி. (புதுசா படிக்கறவங்களுக்கு: இந்த நம்பர் எல்லாம் எம்எம், சின்ன நம்பர்னா அகலமா தெரியும், பெரிய நம்பர்னா தூரத்துல இருக்கறதை கிட்ட இழுக்கும்.) வெயிட்டை நினைச்சு 18-400 பக்கம் போறீங்கன்னா ஒரு கணக்கு பாருங்க, உங்க ரெண்டு லென்ஸும் சேர்ந்தே 600 கிராம் கிட்ட தான் வரும், 18-400 ஒண்ணே 700 கிராம், அது நாள் முழுக்க கழுத்துலயே தொங்கும். 18-135 சுமார் 500 தான்.

ஆனா மாத்தறது கஷ்டம்னு சொல்றீங்களே அது நியாயம். நானே ஒரு தடவை மேல்மொணவூர் பக்கம் பாலாத்து மணல்ல நின்னு காத்துல லென்ஸ் மாத்தி, அன்னிக்கு எடுத்த எல்லா படத்துலயும் வானத்துல கரும்புள்ளி, சென்சார்ல தூசி. அதுலருந்து வெளியூர் போனா ஒரே லென்ஸ் தான்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை 18-55 மட்டும் மாட்டிட்டு நம்ம வேலூர் கோட்டைக்கு போய்ட்டு வாங்க. அகழிக்கு வெளிய நின்னா வேணுங்கற அளவுக்கு பின்னாடி நகரலாம், பிரச்சனையே இல்ல. உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல படம் எடுக்கலாமான்னு கேட்டுட்டு அந்த யாளித் தூணை அடியிலருந்து உச்சி வரைக்கும் பிடிச்சு பாருங்க, முதுகு அடுத்த தூண்ல போய் முட்டும், 18 கூட இன்னும் கொஞ்சம் அகலமா இருந்தா தேவலன்னு தோணும். பாதாமி குகையும் அப்படித்தான், மூணாவது குகை கி.பி. 578ல வெட்டினது, முன் தாழ்வாரத்து ஓரத்துல பெரிய பெரிய விஷ்ணு சிற்பம், தள்ளி நிக்க இடம் கம்மி. அதனால லென்ஸ் 18ல ஆரம்பிக்குதா, அந்த 18ல ஓரம் வரைக்கும் தெளிவா இருக்கா, இதைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். 18லருந்து 400 வரைக்கும் ஒரே குழாய்ல அடைக்கும்போது தெளிவுல எங்கயாவது விட்டுக் குடுக்கத்தான் வேணும், அந்த 400 முனையில எஃப் 6.3 வேற, வெளிச்சம் கம்மியா தான் உள்ள வரும். பறவை எடுக்கறவருக்கு அது சரி, உங்களுக்கு எதுக்கு? ஹம்பியில மாதங்க மலை மேலருந்து விருபாக்ஷர் கோபுரத்தை இழுக்க 135 தாராளம், கேனான் ஏபிஎஸ்-சில அது பெரிய சென்சார் (ஃபுல் ஃபிரேம்) கேமராவோட 216 மாதிரி வேலை செய்யும்.

இன்னொண்ணு, பழைய படங்களை கம்ப்யூட்டர்ல திறந்து டீட்டெயில்ஸ் பாருங்க, எத்தனை எம்எம்ல எடுத்ததுன்னு இருக்கும். 135க்கு மேல நிறைய வந்துச்சுன்னா நான் சொன்னதை விட்டுடுங்க, 55-250ஐ விக்காதீங்க.

குகை இருட்டுக்கு 18-135ம் கஷ்டப்படும், அதை மறைக்க விரும்பல. ஸ்டெபிலைசர் உங்க கை நடுக்கத்தை தான் தாங்கும், ஓடற குழந்தையை நிறுத்தாது. ஐஎஸ்ஓவை (கம்மி வெளிச்சத்துலயும் படத்தை பிரகாசமாக்கற செட்டிங்) 1600, 3200ன்னு தயங்காம ஏத்துங்க, லேசா குருணை தெரிஞ்சாலும் பரவால்ல, ஆடின படத்தை ஒண்ணும் பண்ண முடியாது.

18-135 கேமராவோட சேர்த்தே நிறைய வித்ததால செகண்ட் ஹேண்ட்லயும் கிடைக்கும். லென்ஸ் மேல எஸ்டிஎம்மோ யுஎஸ்எம்மோ (சத்தம் கம்மியான ஃபோகஸ் மோட்டார்) எழுதியிருக்கறதா வாங்குங்க, முதல்ல வந்த மாடல் ஃபோகஸ் பண்றப்ப சத்தம் போடும், வீடியோல கேக்கும். செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் பாருங்க, உள்ள சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, எவ்ளோ குறைச்சு குடுத்தாலும் வேணாம். புதுசா வாங்கினா ஹுட் (லென்ஸ் முன்னாடி மாட்டற வெயில் மறைப்பு) பெட்டியில வராது, அதையும் தனியா சேர்த்து வாங்கிடுங்க, ஹம்பி பாறை மேல சாயங்கால வெயில் நேரா கண்ணாடியில அடிக்கும்.