ஷார்ஜாவிலிருந்து மகனின் போனைப் பூட்டும் தந்தைக்கு

ஐயா, வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் உங்கள் 10 வயது மகனின் போனை ஷார்ஜாவிலிருந்து, பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி வழியாகப் பூட்டினால், அவன் உடனே ஆச்சியின் போனை எடுத்துக்கொள்கிறான் என்றும், பழி முழுவதும் உங்கள் மனைவி மேல் விழுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தச் செயலி மகனின் கணக்கை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆச்சியின் போன் அவர் கணக்கில் இயங்குவதால் அங்கே எட்டாது. அதற்கு ஆச்சிக்கு மட்டும் தெரிந்த கடவு எண் போதும்.

ஆனால் பெரிய சிக்கல் நேரத்தில் இருக்கிறது. நீங்கள் அறைக்குத் திரும்பும் இரவு 7 மணி ஊரில் 8.30 ஆகிவிடுவதால், அப்போது திடீரென விழும் பூட்டு பையனுக்குத் தண்டனையாகவே தெரியும். நானும் அபுதாபியில் இருந்தபோது இப்படிச் செய்து, பல இரவுகள் மகள் என்னோடு பேச மறுத்ததைத் தாங்க முடியாமல் தவித்திருக்கிறேன். ஆகவே தினசரி வரம்பையும் உறங்கும் நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பேசி முடிவுசெய்து, முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். அந்தச் செயலியின் குடும்பக் குழுவில் உங்கள் மனைவியையும் பெற்றோராகச் சேர்த்தால், கூடுதல் நேரம் தரும் உரிமை அவருக்கும் கிடைக்கும். அவர் கொடுத்ததை நீங்கள் அங்கிருந்து ரத்துசெய்யாதீர்கள்.

4 வயது மகளுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம். உங்கள் வீடியோ அழைப்பை மட்டும் இதற்காகக் குறைத்துவிடாதீர்கள். அதை மனைவியின் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.